டைகர் உட்ஸ் ப்ரோ ஆகறதுக்கு முன்னாடி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டைகர் உட்ஸ்னதும் எல்லாருக்கும் ஞாயித்துக்கிழமை சிவப்பு டீஷர்ட்டும் 15 மேஜர் பட்டமும்தான் (வருஷத்துக்கு நாலே நாலு பெரிய போட்டி, அதுக்குப் பேரு மேஜர்) ஞாபகத்துக்கு வரும். எனக்கு அவர் கதையில ரொம்பப் பிடிச்ச பகுதி 1996 ஆகஸ்ட்டோட முடிஞ்சுடும், அதாவது ப்ரோ ஆகி, பரிசுப் பணம்னு ஒரு டாலர்கூட கையில வாங்கறதுக்கு முன்னாடி. புதுசா கோல்ஃப் பாக்க ஆரம்பிக்கிற நண்பர்கள், பசங்கள கோச்சிங்ல சேத்துவிட்டிருக்கிற அம்மா அப்பாக்கள், எல்லாரும் திரும்பத் திரும்ப இந்தக் காலத்தப் பத்திதான் கேக்குறாங்க, அதான் ஒரே எடத்துல எழுதி வெச்சுடலாம்னு உக்காந்தேன். சின்னப் பையனா இருந்தப்போ நடந்த கதைங்கிறதால "அவன்"னுதான் எழுதப்போறேன், பாசத்துலதான், மரியாதைக் குறைவா எடுத்துக்காதீங்க.

டைகர்ங்கிறது நிஜப் பேரா?

இல்ல. பேரு எல்ட்ரிக் டான்ட் உட்ஸ். 1975 டிசம்பர் 30 அன்னிக்கு கலிஃபோர்னியால பொறந்தான், வளந்தது லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துல சைப்ரஸ்ங்கிற ஊர்ல. எல்ட்ரிக்ங்கிறது அம்மா யோசிச்சு வெச்ச பேரு. அப்பா பேரு எர்ல், அம்மா பேரு குல்டிடா, அவரோட "இ" எழுத்துல ஆரம்பிச்சு இவங்களோட "கே" எழுத்துல முடியும், ரெண்டு பக்கமும் அப்பாவும் அம்மாவும் நின்னு நடுவுல புள்ளையக் கையப் புடிச்சுக்கிட்ட மாதிரி.

டைகர்னு கூப்பிட்டது அப்பா. அதுக்குப் பின்னாடி ஒரு சோகம் இருக்கு. எர்ல் அமெரிக்க ராணுவத்துல இருந்தவரு, வியட்நாம் போர்ல அவர்கூட இருந்த தென்வியட்நாம் அதிகாரி வூங் டாங் ஃபோங்னு ஒருத்தர், அவர எர்ல் டைகர்னுதான் கூப்பிடுவாரு, அந்த மனுஷன் தன் உயிரக் காப்பாத்துனவருன்னு கடைசிவரைக்கும் சொல்லிக்கிட்டிருந்தாரு. போர் முடிஞ்சப்புறம் நண்பர் என்ன ஆனாருன்னே தெரியல. புள்ளைக்கு அந்தப் பேர வெச்சா, என்னிக்காவது அவன் பேரு பேப்பர்ல வந்து, நண்பர் அதப் பாத்துட்டுத் தேடி வருவாருன்னு ஒரு நம்பிக்கை. பல வருஷம் கழிச்சுதான் தெரிஞ்சுது, அவரு 1976லயே சிறை முகாம்ல இறந்துட்டாருன்னு.

பணக்கார வீட்டுப் பையனா? கோல்ஃப்னாலே பணக்காரங்க ஆட்டமாச்சே?

நடுத்தரக் குடும்பம்தான். அப்பா லெஃப்டினன்ட் கர்னலா ரிட்டையர் ஆகிட்டு ஒரு விமான கம்பெனில வேலை பாத்தாரு, அம்மா தாய்லாந்துக்காரங்க, புத்த மதம், எர்ல் அங்க ட்யூட்டில இருந்தப்போ சந்திச்சுக் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. எர்ல் காலேஜ்ல பேஸ்பால் ஆடுனவரு, அவங்க காலேஜ் ஆடுன கான்ஃபரன்ஸ்லயே (காலேஜ்கள் சேந்த ஒரு லீக்) முதல் கறுப்பின வீரர் அவருதான். கோல்ஃப் கத்துக்கிட்டது 42 வயசுல. நாப்பத்தி ரெண்டு வயசுல கத்துக்கிட்டு வெறி புடிச்ச மாதிரி ஆடுன ஒரு அப்பாவுக்கு அடுத்த வருஷமே ஒரு புள்ள பொறந்துச்சு, அவ்ளோதான் மொத்தக் கதைக்கும் விதை.

பெரிய கன்ட்ரி க்ளப் மெம்பர்ஷிப்லாம் கெடையாது. ராணுவத்துல இருந்ததால பக்கத்துல இருந்த கடற்படை கோல்ஃப் கோர்ஸ்ல எர்ல் ஆடலாம், மத்தபடி லாங் பீச்ல ஹார்ட்வெல்னு ஒரு பப்ளிக் கோர்ஸ், சின்னது, 18 ஹோலும் பார் 3தான் (ஒவ்வொரு குழியையும் 3 அடில முடிக்கணும்ங்கிற கணக்கு), காசு கட்டுனா யாரு வேணா ஆடலாம். டோர்னமென்ட்டுக்கு ஊர் ஊரா கூட்டிட்டுப் போற செலவுதான் வீட்ட ரொம்ப அழுத்துச்சு. கார் ஓட்டிட்டுப் போனது, வெயில்ல கூடவே நடந்து ஸ்கோர் எழுதினது எல்லாம் பெரும்பாலும் அம்மா. குல்டிடாவப் பத்தி எழுதுறவங்க ரொம்பக் கம்மி, எனக்கு அதுல எப்பவும் ஒரு வருத்தம்.

ரெண்டு வயசுல டிவில வந்தான்னு சொல்றது உண்மையா?

உண்மை. 1978 அக்டோபர்ல மைக் டக்ளஸ் ஷோல வந்தான், மூணு வயசுகூட முடியல. தலையில சிவப்புத் தொப்பி, தோள்ல குட்டியா ஒரு கோல்ஃப் பேகு, நடந்து வந்து பந்த வெச்சு ஒரு அடி அடிப்பான், பக்கத்துல காமெடி நடிகர் பாப் ஹோப் நிக்கிறாரு. வீடியோ இன்னும் இருக்கு, தேடிப் பாருங்க. அடிக்கிற அழகு ஒரு பக்கம் இருக்கட்டும், அடிச்சு முடிச்சதும் உடம்பு எப்படி நிக்குதுன்னு கவனிங்க, பெரியவங்க நிக்கிற மாதிரியே பேலன்ஸ்.

அதுக்கும் முன்னாடி எர்ல் சொல்ற கதை ஒண்ணு இருக்கு. அவரு வீட்டு கராஜ்ல வலை கட்டி பந்தடிச்சுப் பழகுவாரு, குழந்தைய பக்கத்துல உயரமான நாற்காலில உக்கார வெச்சிருப்பாரு. ஒரு நாள் நாற்காலில இருந்து எறங்கி, சின்ன க்ளப் (கோல்ஃப் மட்டை) ஒண்ண எடுத்து அப்பா பண்ற மாதிரியே ஒரு ஸ்விங். இது அப்பா வாயால வந்த கதை, புள்ளையப் பத்தி அப்பா சொன்னா கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாரு. ஆனா மூணு வயசுல 9 ஹோலுக்கு 48 அடிச்சது, அஞ்சு வயசுல கோல்ஃப் டைஜஸ்ட் பத்திரிகைல வந்தது இதெல்லாம் பதிவான விஷயம்.

யாரு கோச்?

முதல் கோச் அப்பாதான், அவரு கத்துக்குடுத்த வரிசை எனக்கு ரொம்பப் பிடிக்கும். எல்லாரும் ட்ரைவர்ங்கிற பெரிய க்ளப்ப குடுத்து ஓங்கி அடிக்கச் சொல்லித்தான் ஆரம்பிப்பாங்க, எர்ல் தலைகீழா ஆரம்பிச்சாரு. முதல்ல கிரீன்ல (குழிய சுத்தி வழவழன்னு வெட்டி வெச்ச புல்தரை), குழிக்குப் பக்கத்துல பட்டிங், அதாவது பந்த உருட்டி குழில விடறது. அது வந்ததும் கிரீன் ஓரத்துல இருந்து சின்னதா தூக்கிப் போடற சிப்பிங். அப்புறம் இன்னும் கொஞ்சம் பின்னாடி. இப்படி குழில இருந்து பின்னாடி பின்னாடி நகந்து கடைசிலதான் முதல் அடி அடிக்கிற டீ பாக்ஸ். பந்து குழிக்குள்ள விழற சத்தத்த முதல்ல கேட்ட புள்ள அது.

நாலு வயசுல அம்மா ஹார்ட்வெல்லுக்குக் கூட்டிட்டுப் போறாங்க, அங்க ரூடி டுரான்னு ப்ரோ ஒருத்தர் இருந்தாரு. பையன் அடிக்கிறதப் பாத்துட்டு அவன் உயரத்துக்கு ஏத்த மாதிரி க்ளப்ப வெட்டிக் குடுத்தாரு. அவரு பண்ண இன்னொரு வேலை "டைகர் பார்". அதாவது பெரியவங்களுக்கு ஒரு ஹோலுக்கு 3 அடின்னா, இவனால ஒரே அடில அவ்ளோ தூரம் அனுப்ப முடியாது, அதனால இவன் நல்லா அடிச்சா எத்தன அடி ஆகுமோ அதத்தான் அந்த ஹோலுக்கு இவனோட பார்னு வெச்சாரு. அப்போ நாலு வயசுப் புள்ளையும் பார், பேர்டின்னு (பார விட ஒரு அடி கம்மி) ஜெயிச்ச சந்தோஷத்தோட வீட்டுக்குப் போகலாம். இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனா பசங்களுக்குக் கத்துக்குடுக்கிற யாருக்கும் இதவிட நல்ல ஐடியா நான் கேள்விப்பட்டதில்ல.

10 வயசு வாக்குல ஜான் அன்செல்மோங்கிறவர் கோச்சா வந்தாரு. 1993ல இருந்து புட்ச் ஹார்மன். இதுக்கு நடுவுல ஜே ப்ரன்சான்னு ஒரு சைக்காலஜிஸ்ட், கடற்படைல இருந்தவரு, எர்லோட நண்பர். மனச எப்படி ஒருமுகப்படுத்தறதுன்னு பையனுக்குச் சொல்லிக்குடுத்ததோட பல மேட்ச்ல கேடியா பேகும் தூக்குனாரு. 80களோட கடைசில ஒரு ஸ்கூல் பையனுக்கு சைக்காலஜிஸ்ட் வெச்சு ட்ரெயினிங் குடுத்தது அப்போ ரொம்பப் புதுசு.

அப்பா ரொம்பக் கொடுமைப்படுத்தி வளத்தாராமே?

இந்தக் கேள்விதான் அதிகமா வரும், அதனால நிதானமாவே சொல்றேன். எர்ல் ராணுவத்துல கத்துக்கிட்டத புள்ளைகிட்ட செஞ்சு பாத்தாரு, அது உண்மை. டைகர் பட் பண்ணப் போகும்போது பாக்கெட்ல சில்லறையக் குலுக்குவாரு, ஸ்விங் உச்சிக்குப் போற நேரம் பாத்து பேக தொப்புனு கீழ போடுவாரு, இருமுவாரு, கெட்ட வார்த்தையும் வரும். இத நிறுத்தணும்னா சொல்ல ஒரு வார்த்தை வெச்சிருந்தாங்க, "போதும்"னு அர்த்தம் வர்ற மாதிரி. அத சொன்னா உடனே நிறுத்திடணும்னு ஒப்பந்தம். டைகர் ஒரு தடவகூட சொல்லலன்னு ரெண்டு பேருமே சொல்லியிருக்காங்க.

இன்னொரு பக்கமும் இருக்கு. குட்டிப் பையனா இருந்தப்போ அப்பாவோட ஆபீஸ் ஃபோன் நம்பர மனப்பாடம் பண்ணி வெச்சிருந்தான். தினமும் ஃபோன் பண்ணி, அப்பா இன்னிக்கு உங்ககூட பிராக்டீஸ் வரட்டுமான்னு கேப்பான். எர்ல் உடனே சரின்னு சொல்ல மாட்டாரு, கொஞ்ச நேரம் யோசிக்கிற மாதிரி சும்மா இருப்பாரு, இவன் அந்தப் பக்கம் மூச்சப் புடிச்சிக்கிட்டு நிப்பான், அப்புறம்தான் சரி வான்னு வரும். இத டைகரே பிற்பாடு சொல்லியிருக்கான். தெனமும் கேட்டது புள்ள, சம்மதிச்சது அப்பா. வீட்டுப்பாடம் முடிக்காம க்ளப்பத் தொடக்கூடாதுங்கிறது அம்மாவோட சட்டம், அதுல பேரமே கெடையாது.

என் கருத்து கேட்டீங்கன்னா, சில்லறை குலுக்கறது பேக போடறது எல்லாத்தையும் வீட்ல அப்படியே காப்பி அடிக்காதீங்க, அது அந்த ரெண்டு பேருக்கு நடுவுல இருந்த ஒரு நம்பிக்கைல நடந்துச்சு. காப்பி அடிக்கணும்னா அந்த ஃபோன் காலக் காப்பி அடிங்க, புள்ள வந்து கேக்கட்டும்.

ஸ்கூல்ல எப்படி? சாதாரண பசங்க மாதிரி இருந்தானா?

சின்ன வயசுல டைகருக்குத் திக்குவாய். இத நெறைய பேருக்குத் தெரியாது. அத சரி பண்ண அவன் கண்டுபிடிச்ச வழி வீட்டு நாய்கிட்ட பேசுறது. நாய் உக்காந்து கேட்டுக்கிட்டே இருக்குமாம், அது தூங்கிப் போற வரைக்கும் பேசிக்கிட்டிருப்பானாம். 2015ல திக்குவாயால கேலிக்கு ஆளான ஒரு பையனுக்கு அவனே கடிதம் எழுதி இத சொன்னான். கிளாஸ்ல வாயத் தொறக்கப் பயந்த ஒரு புள்ளைக்கு, யாருகிட்டயும் பேசாம நாலஞ்சு மணி நேரம் ஆடக்கூடிய ஒரு ஆட்டம் எவ்வளவு பெரிய ஆறுதலா இருந்திருக்கும்னு நெனச்சுப் பாருங்க.

ஹைஸ்கூல் அனஹைம்ல வெஸ்டர்ன் ஹை, 1994ல முடிச்சான். படிப்புல நல்ல மார்க். படுக்கையறைச் சுவத்துல ஜாக் நிக்லாஸோட சாதனைகள ஒட்டி வெச்சிருந்தான்னு ஒரு கதை ஊரெல்லாம் தெரியும். அது 18 மேஜர் பட்டத்தோட லிஸ்ட்டுன்னு பல பேரு நெனக்கிறாங்க. டைகரே தெளிவா சொல்லியிருக்கான், அதுல இருந்தது வயசு. நிக்லாஸ் எந்த வயசுல முதல் தடவ 18 ஹோல 80க்குக் கீழ அடிச்சாரு, எந்த வயசுல 70க்குக் கீழ, அந்த மாதிரி. அத ஒவ்வொண்ணா முந்தணும்னு பாத்தான். 80க்குக் கீழ 8 வயசுல, 70க்குக் கீழ 12 வயசுல.

சின்னப் பசங்களுக்கான போட்டிகள்ல என்ன ஜெயிச்சான்?

சான் டியாகோல நடக்கிற ஜூனியர் வேர்ல்டு பட்டம் மட்டும் ஆறு தடவ. முதல் தடவ 1984ல, அவனுக்கு வயசு 8, ஆடுனது 9-10 வயசுப் பிரிவுல, ஏன்னா அதவிடச் சின்னப் பிரிவே அப்போ இல்ல. 1988ல இருந்து 91 வரைக்கும் தொடர்ந்து நாலு வருஷம்.

மேட்ச் ப்ளேன்னா என்ன? அமெச்சூர் (பரிசுப் பணம் வாங்காம ஆடுறவங்க) கோல்ஃப் பேச்சு வந்தாலே இத சொல்றாங்களே?

இது புரிஞ்சாதான் மிச்சக் கதை புரியும். டிவில நாம பாக்கிற பெரும்பாலான ப்ரோ டோர்னமென்ட் ஸ்ட்ரோக் ப்ளே, நாலு நாள்ல மொத்தம் எத்தன அடின்னு கூட்டி யாரு கம்மியோ அவங்க ஜெயிச்சாங்க. மேட்ச் ப்ளேல ஒருத்தருக்கு எதிரா ஒருத்தர். ஒவ்வொரு ஹோலும் ஒரு தனி சண்ட, அந்த ஹோல்ல கம்மி அடில முடிக்கிறவருக்கு அந்த ஹோல். நீங்க ஒரு ஹோல்ல 10 அடி அடிச்சு சொதப்பினாலும் போறது ஒரே ஒரு ஹோல்தான், அடுத்ததுல புதுசா ஆரம்பிக்கலாம். எதிராளி 3 ஹோல் முன்னாடி இருந்து மிச்சம் 2 ஹோல்தான்னா ஆட்டம் அங்கயே முடிஞ்சுது, கையக் குடுத்துட்டு வீட்டுக்குப் போகணும்.

யூ.எஸ். ஜூனியர் அமெச்சூர், யூ.எஸ். அமெச்சூர் ரெண்டுலயும் முதல்ல ரெண்டு ரவுண்டு ஸ்ட்ரோக் ப்ளே ஆடி 64 பேர எடுப்பாங்க, அதுக்கப்புறம் நாக்-அவுட். தோத்தா மூட்டையக் கட்ட வேண்டியதுதான். அந்தக் காலத்துல யூ.எஸ். அமெச்சூர் ஃபைனல் மட்டும் ஒரே நாள்ல 36 ஹோல், காலைல 18, சாப்ட்டுட்டு மத்தியானம் 18. கால் வலியும் சேந்து ஆடுற ஆட்டம் அது.

யூ.எஸ். ஜூனியர் அமெச்சூர் எத்தன தடவ?

மூணு. 1991, 92, 93. அவனுக்கு முன்னாடி யாரும் அத ரெண்டு தடவகூட ஜெயிச்சதில்ல.

1991ல ஆர்லாண்டோ பே ஹில்ல 15 வயசு, அதுவரைக்கும் ஜெயிச்சவங்கள்லயே சின்னவன், ஃபைனல் 18 ஹோல்ல முடியாம 19வது ஹோலுக்குப் போச்சு. 92ல மாசசூசெட்ஸ்ல ஒரே ஒரு ஹோல் வித்தியாசம். 93 போர்ட்லண்ட்ல ரயன் ஆர்மர்ங்கிற பையனோட ஃபைனல், ரெண்டு ஹோல் பின்னாடி, மிச்சம் இருக்கறதே ரெண்டு ஹோல், ஒண்ணு சமமாப் போனாக்கூட முடிஞ்சுது. 17ல பேர்டி. 18ல பந்து பங்கர்ல, அதாவது மணல் பள்ளத்துல, கிரீனுக்கு இன்னும் நல்ல தூரம் இருக்கு, கோல்ஃப்லயே கஷ்டமான ஷாட் அந்த நீள பங்கர் ஷாட்டுதான்னு எந்த ப்ரோவக் கேட்டாலும் சொல்வாங்க. அத பத்தடி பக்கத்துல கொண்டு வந்து நிறுத்தி அதுலயும் பேர்டி. 19வது ஹோல்ல ஜெயிச்சான்.

மூணு ஃபைனலையும் பாருங்க, ஒண்ணுகூட சுலபமா வரல. டைகர்னா எல்லாரையும் நசுக்கித் தள்ளுவான்னு நெனச்சிட்டிருக்கிறவங்களுக்கு இதத்தான் நான் திரும்பத் திரும்ப சொல்வேன், அவன் சாம்பியன் ஆனதே பின்னாடி இருந்து ஆடி ஆடித்தான்.

ப்ரோக்களோட முதல்ல எப்போ ஆடுனான்?

1992ல, 16 வயசுல, லாஸ் ஏஞ்சலஸ் ரிவியேரா கோர்ஸ்ல நிசான் ஓப்பன். 72, 75 அடிச்சு கட்ல (ரெண்டு நாள் முடிஞ்சதும் பின்தங்கினவங்கள வெளிய அனுப்பறது) வெளிய வந்துட்டான். ஸ்கூல் படிக்கிற பையனுக்கு நல்ல ஸ்கோருதான்.

கறுப்பினத்தவங்கிறதால பிரச்சனை வரலயா?

வந்துச்சு. அமெரிக்காவுல ப்ரோக்களோட சங்கம் வெள்ளைக்காரங்க மட்டும்தான்ங்கிற விதிய எடுத்ததே 1961லதான். மாஸ்டர்ஸ்ல முதல் கறுப்பின வீரர் லீ எல்டர் ஆடுனது 1975ல, டைகர் பொறந்த அதே வருஷம். மாஸ்டர்ஸ் நடக்கிற அகஸ்டா நேஷனல் க்ளப் முதல் கறுப்பின மெம்பர சேத்தது 1990ல, அப்போ இவனுக்கு 14 வயசு. ஜூனியர் போட்டிக்குப் போன எடத்துல எல்லாம் பார்வை எப்படி இருக்கும்னு எர்லும் டைகரும் பல தடவ சொல்லியிருக்காங்க. அம்மா வழில ஆசியன், அப்பா வழில கறுப்பினம், அதனால தன்ன ஒரே பெட்டில அடைக்கிறது டைகருக்குப் பிடிக்காது. ஆனாலும் 1994ல அவன் யூ.எஸ். அமெச்சூர் ஜெயிச்சப்போ அந்தக் கோப்பையத் தூக்குன முதல் கறுப்பின வீரர் அவன்தான், போட்டி ஆரம்பிச்சு 99 வருஷம் கழிச்சு.

1994 ஃபைனல்ல அப்படி என்ன நடந்துச்சு?

ஃப்ளோரிடா, டிபிசி சாக்ராஸ். எதிர்ல ட்ரிப் கீனி, ஓக்லஹோமா ஸ்டேட் காலேஜ் வீரர், அன்னிக்குக் காலைல அவரு தொட்டதெல்லாம் பொன்னு. 13 ஹோல் முடிஞ்சப்போ டைகர் 6 ஹோல் பின்னாடி. மத்தியான சாப்பாட்டு நேரத்துல 4. கடைசி 9 ஹோலுக்குள்ள நுழையும்போது 3. இப்படி மெதுவா கறையான் அரிக்கிற மாதிரி அரிச்சு அரிச்சு 34வது ஹோல்ல சமம் பண்ணிட்டான்.

35வது ஹோல் அந்தக் கோர்ஸோட 17. படம் பாத்திருப்பீங்க, சுத்தித் தண்ணி, நடுவுல தீவு மாதிரி கிரீன். குழி வலது ஓரத்துல. புத்தியுள்ளவங்க நடு கிரீனுக்கு அடிப்பாங்க. இவன் கையில பிட்சிங் வெட்ஜ், நேரா குழியப் பாத்து அடிக்கிறான், பந்து குழிக்கு வலது பக்கம், தண்ணிப் பக்கம் விழுந்து, ஓரத்துப் புல்ல தொட்டு, சுழன்டு திரும்பி, தண்ணிக்கு மூணு நாலு அடி முன்னாடி நின்னுச்சு. கூட்டம் மொத்தமும் மூச்ச விட்டுச்சு. அங்கிருந்து 14 அடி பட், உள்ள. வைக்கோல் தொப்பி போட்டுக்கிட்டு கையக் குத்திக்கிட்டே ஓடுவானே, அது இங்கதான். கடைசி ஹோலையும் ஜெயிச்சு 2 ஹோல் வித்தியாசம். 18 வயசு, அதுவரைக்கும் யூ.எஸ். அமெச்சூர் ஜெயிச்சவங்கள்லயே சின்னவன். ஃபைனல்ல அவ்வளவு பின்னாடி இருந்து அதுவரைக்கும் யாரும் மேல வந்ததில்ல.

ஸ்டான்ஃபோர்டுல என்ன படிச்சான்?

பொருளாதாரம். 1994 செப்டம்பர்ல சேந்தான், கோச் வாலி குட்வின், டீம்ல நோட்டா பெகே, கேசி மார்ட்டின் மாதிரி நல்ல ஆளுங்க. சேந்த மாசமே முதல் காலேஜ் டோர்னமென்ட்ட ஜெயிச்சான், அந்த டிசம்பர்ல இடது முட்டில ஒரு ஆபரேஷன், அப்புறம் ரெண்டு வருஷம் ஆடி 1996ல காலேஜ்களுக்கான தேசிய தனிநபர் பட்டம். அந்தப் பட்டத்துல கடைசி நாள் அவன் அடிச்சது 80, முதல் மூணு நாள்ல சேத்து வெச்சிருந்த முன்னிலைல ஜெயிச்சுட்டான்.

இங்க ஒரு விஷயம் சொல்லணும், அமெச்சூர் விதி எவ்வளவு கறார்னு இதுல புரியும். 1995ல ஆர்னல்டு பால்மர் பக்கத்து ஊருக்கு ஆட வந்திருந்தாரு, டைகர் போய்ப் பாத்தான், ரெண்டு பேரும் டின்னர் சாப்ட்டாங்க. வயசுல பெரியவரு, கோல்ஃப் உலகத்துக்கே ராஜா மாதிரி, இயல்பா பில்ல அவரு கட்டிட்டாரு. அதுக்கே காலேஜ் விளையாட்டு விதிய மீறிட்டான்னு ஆட்டத்துக்குத் தகுதி இல்லன்னு நிறுத்தி வெச்சுட்டாங்க! கடைசில பால்மருக்கு 25 டாலருக்கு செக் அனுப்பி வெச்சான், விஷயம் முடிஞ்சுது. 19 வயசுப் பையன் தாத்தா வயசு ஆளுகிட்ட ஒரு வேளை சாப்பாடு சாப்ட்டதுக்கு இவ்வளவு, எனக்கு இன்னிக்கும் இது நியாயமாவே படல.

அமெச்சூரா மேஜர் ஆடுனானா? எப்படி ஆடுனான்?

1995 மாஸ்டர்ஸ்தான் முதல். அகஸ்டா க்ளப் ஹவுஸோட மேல்மாடில அமெச்சூர்களுக்குன்னு க்ரோஸ் நெஸ்ட்னு ஒரு சின்ன ரூம் இருக்கு, "காக்கா கூடு", அங்கதான் தங்குனான். 72, 72, 77, 72 அடிச்சு 41வது எடத்த மத்தவங்களோட பகிந்துக்கிட்டான், அந்த வருஷம் கட் தாண்டுன ஒரே அமெச்சூர். கெளம்பும்போது க்ளப்புக்கு நன்றி சொல்லி கடிதம் எழுதி வெச்சுட்டு வந்தான், திங்கக்கிழமை காலேஜ் க்ளாஸ் இருந்துச்சு.

மிச்சம் சுமார்தான், மறைக்க ஒண்ணுமில்ல. 95 யூ.எஸ். ஓப்பன்ல மணிக்கட்டு வலில பாதில விலகிட்டான். 96 மாஸ்டர்ஸ்ல 75, 75, வெளிய. அந்த ஜூலைல இங்கிலாந்து ராயல் லித்தம்ல நடந்த பிரிட்டிஷ் ஓப்பன்லதான் கதவு தொறந்துச்சு. ரெண்டாவது நாள் 66, மொத்தம் 281, ஓப்பன்ல ஒரு அமெச்சூரோட அதுவரைக்குமான சாதனைக்குச் சமம், வெள்ளிப் பதக்கம். ப்ரோக்களோட சரிசமமா ஆட முடியும்னு அங்கதான் தனக்கே நிச்சயமாச்சுன்னு அவனே சொல்லியிருக்கான்.

தோத்ததே இல்லயா?

நெறைய. எனக்குப் பிடிச்ச தோல்வி 1995 வாக்கர் கப் (அமெரிக்க அமெச்சூர் டீமும் பிரிட்டன், அயர்லாந்து டீமும் மோதுற போட்டி), வேல்ஸ் ராயல் போர்த்கால். மழையும் காத்துமா இருந்த எடம். முதல் நாள் சிங்கிள்ஸ்ல கேரி வுல்ஸ்டன்ஹோம்னு பிரிட்டிஷ் வீரர், தூரம் அடிக்கவே மாட்டாரு, டைகர் இரும்பு க்ளப்ல அடிக்கிற தூரத்துக்கு அவருக்கு மரக் க்ளப் வேணும். ஆனா நேரா அடிச்சுக்கிட்டே இருந்தாரு, கடைசி ஹோல்ல டைகர் பந்து எல்லைக்கு வெளிய போச்சு, மேட்ச்சும் போச்சு. மறுநாள் அதே ஆள டைகர் ஜெயிச்சான், ஆனா கப்பு 14க்கு 10னு பிரிட்டன், அயர்லாந்து டீமுக்குத்தான்.

1995 யூ.எஸ். அமெச்சூர்?

வாக்கர் கப்புக்குக் கொஞ்ச நாள் முன்னாடி, ஆகஸ்ட்ல. ரோட் ஐலண்ட் நியூபோர்ட், 1895ல முதல் யூ.எஸ். அமெச்சூர் நடந்த அதே கோர்ஸ், நூறாவது வருஷம். ஃபைனல்ல எதிராளி பட்டி மருச்சி, 43 வயசு, வேலைக்குப் போயிட்டு ஆடுற நிஜமான அமெச்சூர், கடைசி ஹோல் வரைக்கும் இழுத்துட்டுப் போனாரு. அந்தக் கடைசி ஹோல்ல டைகர் 8 அயர்ன் எடுத்து, முழு வேகத்துல அடிக்காம தணிச்சு அடிச்சான், பந்து குழியத் தாண்டி விழுந்து சரிவுல திரும்பி ஒண்ணரை அடில வந்து நின்னுச்சு, ரெண்டாவது பட்டமும் வந்துடுச்சு. வேகத்தக் கொறச்சு தூரத்தக் கட்டுப்படுத்தறது புட்ச் ஹார்மன்கிட்ட ரெண்டு வருஷமா பழகின ஷாட்.

ஏன் படிப்ப பாதில விட்டுட்டு ப்ரோ ஆனான்?

லித்தம்ல வந்த நம்பிக்கை ஒண்ணு. இன்னொண்ணு, மூணாவது யூ.எஸ். அமெச்சூரும் கையில வந்தாச்சு, அமெச்சூரா ஜெயிக்க வேற என்ன மிச்சம்? ரெண்டு வருஷப் படிப்போட நின்னுது, அம்மாவுக்கு அதுல மனசு கஷ்டம்தான். 1996 ஆகஸ்ட் கடைசில மில்வாக்கில மைக் முன்னாடி நின்னு "ஹெலோ வேர்ல்டு"ன்னு சிரிச்சான், நைக்கி மட்டும் 4 கோடி டாலர் ஒப்பந்தம். முதல் வாரம் அவன் ஆடி சம்பாரிச்சது 2,544 டாலர், 60வது எடம். ஆறு வாரத்துக்குள்ள லாஸ் வேகஸ்ல முதல் பட்டம், அடுத்த ஏப்ரல்ல 12 ஸ்ட்ரோக் வித்தியாசத்துல மாஸ்டர்ஸ்.

அமெச்சூர் காலத்துல ஒரே ஒரு மேட்ச் பாக்கணும்னா எது?

யோசிக்கவே வேணாம், 1996 ஆகஸ்ட் 25, ஆரிகன் பம்ப்கின் ரிட்ஜ், யூ.எஸ். அமெச்சூர் ஃபைனல். எதிர்ல ஸ்டீவ் ஸ்காட், 19 வயசு, ஃப்ளோரிடா காலேஜ் பையன், அவருக்குக் கேடி அவரோட காதலி. இந்த மேட்ச்ச ஜெயிச்சா டைகருக்குத் தொடர்ந்து மூணு, பாபி ஜோன்ஸ் மொத்தம் அஞ்சு தடவ ஜெயிச்சிருந்தாலும் தொடர்ந்து மூணு அவருக்குக்கூட கெடச்சதில்ல. காலைல 18 முடிஞ்சப்போ ஸ்காட் 5 ஹோல் முன்னாடி. மத்தியானம் சிவப்பு ஷர்ட்ல வந்து டைகர் வழக்கம்போல அரிக்க ஆரம்பிச்சான், ஆனா ஸ்காட் விடல, 3 ஹோல் மிச்சம் இருக்கும்போது இன்னும் 2 முன்னாடி.

34வது ஹோல். டைகருக்கு ஆறடி தூரத்துல பேர்டி பட். அவன் பந்துக்கு அடையாளமா வெச்ச காசு ஸ்காட்டோட பந்து போற வழில இருந்ததால, அத கொஞ்சம் பக்கவாட்டுல நகத்தி வெச்சிருந்தான். ஸ்காட் தன் பட்ட போட்டு முடிச்சுட்டாரு. இப்போ டைகர் காச பழைய எடத்துக்குத் திருப்பி வெச்சுட்டுத்தான் பந்த வைக்கணும், மறந்துட்டான். நகத்தி வெச்ச எடத்துலயே பந்த வெச்சு அடிக்கத் தயாராயிட்டான். அப்படியே அடிச்சிருந்தா விதிப்படி அந்த ஹோல் போச்சு, 3 ஹோல் பின்னாடி, மிச்சம் 2, மேட்ச் அங்கயே முடிஞ்சுது, ஸ்காட் சாம்பியன். ஸ்காட் வாயத் தொறக்காம இருந்திருந்தா போதும், யாரும் ஒரு வார்த்த கேட்டிருக்க முடியாது.

அவரு கிரீன விட்டு நகந்துக்கிட்டே திரும்பி, டைகர், அத பழைய எடத்துக்கு நகத்திட்டியான்னு கேட்டாரு.

டைகர் நின்னான். பந்த எடுத்தான், காச திருப்பி வெச்சான், பந்த சரியான எடத்துல வெச்சு பேர்டி போட்டான். அடுத்த ஹோல்ல முப்பது அடிக்கு மேல ஒரு பட், அதுவும் உள்ள, சமம். 38வது ஹோல்ல, ரெண்டு பேருக்கும் கால்ல தெம்பே இல்லாத நேரத்துல, ஸ்காட்டோட பார் பட் தவறிச்சு, டைகர் சின்னதா ஒரு பட்டத் தட்டி உள்ள விட்டான். யூ.எஸ். அமெச்சூர்ல தொடர்ந்து 18வது மேட்ச் வெற்றி. மூணு நாள் கழிச்சு மில்வாக்கி.